கல்யாண ஆல்பத்துக்கு விண்டோஸா, மேக்கா, லினக்ஸா?

தை முகூர்த்தத்துக்குள் தஞ்சாவூர் ஸ்டுடியோவுக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா?

1. முதலில் ஆல்பம் அடிக்கும் லேபில் என்ன ஃபைல் கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். பி.எஸ்.டி. என்றால் போட்டோஷாப் வேண்டும். அது லினக்ஸில் நேரடியாக ஓடாது.

2. ஜேபெக் போதுமென்றால் பழைய பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதனால் அந்தப் பெட்டியில் லினக்ஸ் போட்டு கிம்ப், டார்க்டேபிள் என்ற போட்டோ சாஃப்ட்வேர்களைப் பழகுங்கள். இரண்டும் இலவசம்.

3. மேக் என்றால் 16 ஜிபி ராமுக்குக் குறையாதீர்கள். இப்போதைய மேக்குகளில் பிறகு கூட்ட வழியில்லை.

4. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் உள்ளதை வேறிடத்தில் காப்பி எடுத்துவிட்டு, எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ் டிஸ்கை மேக் படிக்கும், அதில் எழுதாது. டிஸ்கை எடுத்துக்கொண்டு கும்பகோணத்துக்கு பஸ் ஏறிப் போன பிறகுதான் எனக்கு இது தெரிந்தது!

5. மிச்சப் பணத்தை நல்ல ஐபிஎஸ் மானிட்டரில் போட்டு, கலர் காலிப்ரேஷன் செய்யுங்கள். அரக்குப் பட்டு ஆல்பத்தில் காவியாக வந்தால் பெண் வீட்டார் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையா கேட்பார்கள்?