எய்த அம்பும் எய்தவன் கடனும்

காரைக்காலுக்கு வடக்கே, கடலை ஒட்டி அமைந்த மண்டபத்தூரில் வலை வீசுவோர் ஓர் உண்மையை நன்கறிவர். வீசிய வலையை மீண்டும் இழுத்துக் கொள்ளலாம். வேண்டாத உயிர் அகப்பட்டிருப்பின் நீரிலேயே விட்டுவிடலாம். வில்லாளனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. நாணை விட்டகன்ற அம்பு மீள்வதில்லை. ஆதலின், நெடுந்தொலைவிலிருந்து வேட்டையாடுவோனுக்கு விதிக்கப்பட்ட அறம் மிகக் கடுமையானது. இதனை இதிகாச புராணங்கள் மூன்று வரலாறுகளால் உணர்த்துகின்றன.

திறமையின் எல்லை

வில்திறம் தமிழர் போற்றிய கலை. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஊடுருவியதாகப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் பாடுகின்றார். தொலைவைக் கணித்தல், காற்றின் போக்கை அறிதல், அம்பு செல்லச் செல்லத் தாழ்வதை உணர்ந்து குறியை உயர்த்துதல், மூச்சை அடக்குதல் ஆகியன இக்கலையின் உறுப்புகள்.

துப்பாக்கி வந்த பின்னும் இவ்விதிகள் மாறவில்லை. விநாடிக்கு 800 மீட்டர் விரைவில் புறப்படும் குண்டும் 500 மீட்டர் தொலைவை அடைய ஏறத்தாழ முக்கால் விநாடி ஆகின்றது. அதற்குள் இரண்டு மீட்டருக்கு மேல் தாழ்ந்தும் விடுகின்றது. அந்த இடைவெளியில் மான் ஓரடி எடுத்து வைத்தால் போதும். நெஞ்சில் பாய வேண்டியது வயிற்றில் பாயும். விலங்கு உடனே இறவாது, புண்ணோடு ஓடிப் பல நாழிகை துடிக்கும். எனவே, எவ்வளவு தொலைவு எய்ய முடியும் என்பதன்று வினா. எவ்வளவு தொலைவுவரை பிழையாது என்பதே வினா.

கேட்டது கண்டதாகாது

தசரத சக்கரவர்த்தி இளவரசராயிருந்த காலத்தில், ஒலியைக் கொண்டே குறியை வீழ்த்தும் சப்தவேதி என்னும் வித்தையில் பெயர் பெற்றிருந்தார். கார்காலத்து இரவொன்றில், நீருண்ண வரும் விலங்குக்காகச் சரயு நதிக்கரையில் காத்திருந்தார். இருளில், யானை நீர் உறிஞ்சுவது போன்ற ஓசை எழுந்தது. அம்பு பறந்தது, குறி தப்பவில்லை. ஆனால் எழுந்ததோ மனிதக் குரல். கண்ணிழந்த தாய் தந்தையர்க்காகக் குடத்தில் நீர் முகந்த தவச்சிறுவன் மார்பில் அம்பு தைத்திருந்தது.

இங்கே பிழைத்தது கையன்று, கருத்து. வித்தை முழுமையாக இருந்தது. இன்னதென்ற தெளிவு இல்லை. எனினும் தசரதர் ஓடி ஒளியவில்லை. சிறுவன் விட்டுச் சென்ற குடத்தில் நீர் நிறைத்துக்கொண்டு பெற்றோரிடம் சென்று, தம் செயலைத் தாமே உரைத்தார். அவ்வாறு சொல்லாதிருந்தால் தலை நூறாயிரமாகச் சிதறியிருக்கும் என்றார் முனிவர். புத்திர சோகத்தால் மாள்வாய் என்ற சாபம் மட்டும் நின்றது. ஸ்ரீராமபிரான் கானகம் சென்ற ஆறாம் நாள் இரவில் அது பலித்தது.

காலம் அறிதல்

பாண்டு மன்னன் வரலாறு மற்றொரு பாடம். மான் வடிவில் மனைவியோடு கூடியிருந்த கிந்தம முனிவரை அவன் எய்தான். வேட்டையாடுதல் அரசர் வழக்கமே என்று வாதாடினான். மானை எய்ததைத் தாம் பழிக்கவில்லை என்றும், கூடும் வேளை கழியும்வரை பொறுத்திராததே குற்றம் என்றும் முனிவர் கூறினார்.

இந்நெறி கடற்கரை மக்களுக்குப் புதிதன்று. மீன்கள் இனம்பெருக்கும் காலம் கருதிக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை.

அருகே சென்று காணுதல்

மூன்றாவது வரலாறு கண்ணபிரானுடையது. யாதவர் கடலில் எறிந்த இரும்புத் துண்டை ஒரு மீன் விழுங்கிற்று. அம்மீன் வலைஞர் வலையில் அகப்பட, அதன் வயிற்றிலிருந்த இரும்பை ஜரன் என்னும் வேடன் அம்பு முனையாக்கினான். பிரபாச க்ஷேத்திரத்தில் மரத்தடியில் வீற்றிருந்த பெருமானின் திருவடி, தொலைவில் நின்ற அவனுக்கு மானின் முகமாகத் தோன்றிற்று. எய்தான். அருகே வந்தபோதுதான் உண்மை விளங்கிற்று. நடுநடுங்கித் திருவடியில் விழுந்தான். பெருமானோ, "அஞ்சாதே" என்று அபயம் தந்து நற்கதி அருளினார்.

அருளியது பெருமானின் கருணை. அதனால் அறியாமை குற்றமற்றதாகிவிடாது. தொலைவு, உயிரை வெறும் உருவமாகக் காட்டும். அருகில் செல்வோனே தான் செய்தது யாதென அறிவான்.

இன்றைய நெறி

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991இல் செய்யப்பட்ட திருத்தமும் வேட்டைக்குப் பெரிதும் முற்றுப்புள்ளி வைத்தன. இதே கடற்கரையில் தெற்கே, இராமர் பாதம் அமைந்த கோடிக்கரையில், 1967இல் ஏற்பட்ட சரணாலயத்தில் வெளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன. தொலைநோக்கி கொண்டு அவற்றை நெடுந்தொலைவிலிருந்து கண்டு மகிழ்வோர் பலர். கூரிய பார்வை, பொறுமை, காற்றறிவு, அசையாத உடல் ஆகிய வேட்டுவன் திறன்கள் யாவும் அவர்களுக்கும் வேண்டும். அம்பு ஒன்றே வேண்டுவதில்லை.

தெளியாமல் விடாதே, காலமல்லாக் காலத்தில் விடாதே, விட்டதற்கு முகம் கொடுக்காமல் விலகாதே. இம்மூன்றும் வில்லேந்தியவர்க்கு மட்டும் உரியன அல்ல. பிறர் வாழ்வைத் தொலைவிலிருந்து தொடக்கூடிய எவருக்கும் உரியன. திருவிழாவில் சார்ங்கபாணியாய் எழுந்தருளும் எம்பெருமானைச் சேவிக்கும் அன்பர்கள், அத்திருக்கரத்து வில்லோடு சரயுக் கரையில் நீர் சுமந்து நடந்த அரசரையும் நினைவு கூர்வாராக.