கஷாயத்துக்கு அடங்காத நோய்கள்: நாய், பூனைக்கு ஆபரேஷன் எப்போது?

எங்கள் வீட்டு ஜூலி வெள்ளைப் பொமரேனியன். அப்போது அதற்கு ஒன்பது வயது. ஒரு நாள் காலையில் என் மனைவி, "என்னங்க, ராத்திரி பூரா தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கு. கூடத்துல மூணு இடத்துல ஈரம் பண்ணியிருக்கு" என்றாள். சித்திரை வெயில். உடம்புச் சூடுதான் என்று நினைத்தேன். வைத்தியன் கை சும்மா இருக்குமா? சீரகத் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தேன். மறுநாள் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. சரி, மந்தம் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் வாந்தி. வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது.

கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப சார் பருவத்துக்கு வந்துச்சு?" விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். ஐந்து வாரம் ஆகியிருந்தது. உடனே ஸ்கேன் எடுத்தார். கர்ப்பப்பை நிறையச் சீழ்! அன்று இரவே ஆபரேஷன். பென்சிலை விட மெல்லியதாக இருக்க வேண்டிய கர்ப்பப்பைக் கொம்புகள், மொந்தன் வாழைக்காய் மாதிரி வீங்கியிருந்ததைத் தட்டில் வைத்துக் காட்டினார். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா வயித்துக்குள்ளயே வெடிச்சிருக்கும் சார்" என்றார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. இருபத்தைந்து வருடமாக மனிதர்களுக்கு நாடி பார்க்கிறவன், வீட்டில் வளர்கிற ஜீவனைக் கோட்டை விட்டேன்.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன், கால்நடை மருத்துவ நண்பர்களைத் துளைத்துக் கேட்டேன். 'சித்த வைத்தியர் ஆபரேஷனைப் பற்றி எழுதுகிறாரே' என்று நீங்கள் புருவத்தை உயர்த்தலாம். எங்கள் புற மருத்துவம் 32 வகை. அதில் அறுவையும் ஒன்று. மருந்துக்கு அடங்குவது எது, கத்திக்கு மட்டுமே அடங்குவது எது என்று பிரித்துப் பார்ப்பதும் வைத்தியம்தான்.

பெட்டை நாய்க்குச் சீழ் ஏன் கட்டுகிறது?

மனுஷியின் உடம்புக் கணக்கை நாய்க்குப் போடக் கூடாது. பெட்டை நாய் பருவத்துக்கு வந்து போன பிறகு, இணை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோன் ஏறக்குறைய இரண்டு மாதம் அதன் உடம்பில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பருவத்திலும் கர்ப்பப்பையின் உள்சவ்வு குட்டியை எதிர்பார்த்துத் தடித்து, நீர் சுரக்கும். வருடா வருடம் இப்படியே நடந்தால் சவ்வு கெட்டுப்போகும். பருவ காலத்தில் கர்ப்பப்பை வாய் திறந்திருக்கும்போது கிருமி உள்ளே நுழையும். பிறகு வாய் மூடிக்கொள்ளும். கிருமிக்கு இதைவிடச் சொகுசான இடம் கிடைக்குமா?

வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே கசியும். நாற்றம் அடிக்கும், நாய் அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும்; அதனால் நமக்குத் தெரிந்துவிடும். மூடியிருந்தால்தான் ஆபத்து, ஜூலிக்கு ஆனது போல. வெளியே ஒரு சொட்டுக்கூட வராது. கிருமியின் விஷம் சிறுநீரகத்தைத் தாக்குவதால் அது தண்ணீரைத் தேக்கி வைக்க முடியாமல் விட்டுவிடுகிறது. சிறுநீர் அதிகம் போகிறது, அதனால் தாகம் எடுக்கிறது. நான் சூடு என்று நினைத்த தாகம் இதுதான். ஆகவே, கருத்தடை செய்யாத பெட்டை நாய் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் தண்ணீர் அதிகம் குடித்து, சாப்பாட்டை ஒதுக்கினால், அன்றைக்கே ஸ்கேன் பார்த்துவிட வேண்டும். காய்ச்சல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சூலகத்தையும் கர்ப்பப்பையையும் எடுத்துவிடுவதுதான் முறையான வைத்தியம்.

இதே ஆபரேஷனை இள வயதில், ஆரோக்கியமாக இருக்கும்போது செய்வதற்குப் பெயர்தான் கருத்தடை. பிறகு சீழ் பயம் இல்லை. முதல் ஒன்றிரண்டு பருவத்துக்குள் செய்தால் மார்புக் கட்டி வருவதும் வெகுவாகக் குறையும் என்கிறார்கள். 'ஒரு ஈத்தாவது ஈன்றால்தான் நல்லது' என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. பருவத்தை நிறுத்த ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. அந்த ஊசியே கர்ப்பப்பைச் சீழையும் மார்புக் கட்டியையும் இழுத்துவிடக் கூடும். பெரிய ஜாதி நாய்களுக்கு எலும்பு வளர்ந்து முடியும் வரை சில டாக்டர்கள் பொறுக்கச் சொல்வார்கள். அதை அவரிடமே கேளுங்கள். பூனைக்கு நாள் தள்ளாதீர்கள். நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும், இரண்டு மாதத்தில் குட்டி போட்டுவிடும். கடுவன்களுக்கு விதை நீக்குவது சின்ன வேலை. ஆனால் ஒரு விதை கீழே இறங்காமல் வயிற்றிலேயே தங்கிவிட்டால் பிற்காலத்தில் அதில் புற்று வர வாய்ப்பு அதிகம்; அதைத் தேடி எடுத்துவிடுவது நல்லது.

கடுவன் பூனைக்கு மலச்சிக்கலா?

பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நாள் வந்து, "மாமா, எங்க பூனைக்கு மலச்சிக்கல். விளக்கெண்ணெய் குடுக்கலாமா?" என்று கேட்டான். ஜூலி கற்றுக்கொடுத்த பாடம் அன்று உதவியது. "வெளிக்குப் போகத்தான் முக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? சிறுநீர் போச்சா?" என்றேன். முந்தின நாளிலிருந்தே போகவில்லை!

கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகவும் குறுகல். மணல் போன்ற துகளும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மண் தட்டில் போய்ப் போய் உட்காரும், கத்தும், நக்கும், ஒன்றும் வராது. பார்க்கிறவர்களுக்கு மலச்சிக்கல் மாதிரியே தோன்றும். அடைத்துவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். இதற்கு விளக்கெண்ணெயும் கிடையாது, நெருஞ்சில் கஷாயமும் கிடையாது. அடைப்பு இருக்கும்போது சிறுநீர் பெருக்கும் மருந்தைக் கொடுப்பது, மூடிய குழாயில் மோட்டார் போடுகிற கதைதான். மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு, அடைப்பை நீக்குவார்கள். திரும்பத் திரும்ப அடைத்தால் நுனியை எடுத்துவிட்டு அகலமான வழி வைக்கிற ஆபரேஷன் இருக்கிறது.

பூனை வளர்க்கிறவர்களுக்கு இன்னொன்று. பூக்கட்டும் நூல், ஊசி கோத்த தையல் நூல் எதையும் தரையில் விடாதீர்கள். பூனையின் நாக்கில் பின்னோக்கிய முள் உண்டு. வாயில் போன நூலைத் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் தெரியும். ஒரு முனை நாக்கடியில் சிக்கிக்கொண்டு மறுமுனை குடலுக்குப் போனால், குடல் பாவாடை நாடாவில் துணி சுருங்குவது போலச் சுருங்கி, நூல் அதை அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள். அப்படியே கொண்டு போங்கள். நாய்களுக்கு மாங்கொட்டையும் ஆட்டெலும்பும் இதே வேலையைச் செய்யும்.

அல்சேஷன், டாபர்மேன், கிரேட்டேன் போன்ற மார்புக்கூடு ஆழமான நாய்கள் வயிறு முட்டச் சாப்பிட்டபின் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவித்தால், அது வாயுத் தொல்லை அல்ல. இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஓமத்தண்ணீர் வைக்க அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், ஆட்டோவைக் கூப்பிடுங்கள். ஒரு சில மணி நேரந்தான் கெடு. காது மடல் திடீரென்று ஆப்பம் போல வீங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காதுக்குள் அரிப்பு வந்து தலையை உதறி உதறி உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். டாக்டர் பார்த்து வடித்துத் தைப்பார். காது நோயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903-ல் தொடங்கிய கல்லூரி. நாமக்கல், திருநெல்வேலியிலும் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு.

வீட்டில் எதைக் கொடுக்கக் கூடாது?

வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். வெங்காயமும் பூண்டும் நமக்கு மருந்து. நாய், பூனைக்கு அவை ரத்த அணுக்களை அழிக்கும் விஷம். பூண்டைப் போற்றுகிற வைத்தியனே சொல்கிறேன். புண்ணில் புழு வைத்தால் கற்பூரத்தைப் பொடித்துத் தூவுவது, ஃபினாயில் ஊற்றுவது இரண்டும் வேண்டாம். நக்கினால் உள்ளே போகும்.

முதல் நாள் இரவு எப்போது சாப்பாட்டை நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டு, அதன்படி நடக்க வேண்டும். பாவமாக இருக்கிறதே என்று ஒரு பிஸ்கட் கொடுத்தால், மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக்குழலில் ஏறிவிடும். வீட்டுக்கு வந்ததும் முதல் இரவு தரையிலேயே படுக்க வையுங்கள், கட்டில் வேண்டாம். பத்துப் பதினாலு நாள் குளிப்பாட்டுவதோ ஓடவிடுவதோ கூடாது. தையலைச் சுற்றி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசலாமா என்று என்னிடமே கேட்கிறார்கள். கூடாது. காய்ந்து சுத்தமாக இருந்தாலே ஆறும்.

கழுத்தில் மாட்டும் கூம்பை மட்டும் கழற்றிவிடாதீர்கள். ஜூலி அதை மாட்டிக்கொண்டு பதினோரு நாள் எங்கள் கணுக்காலை இடித்துக்கொண்டே திரிந்தது. ஆறாம் நாள் மனசு கேட்காமல் என் மனைவி ஐந்து நிமிடம் கழற்றினாள். அதற்குள் ஒரு தையலை வாயால் உருவிவிட்டது. மறுபடி டாக்டர், மறுபடி ஒரு தையல். அப்புறம் ஜூலி இன்னும் நாலு வருடம் எங்களோடு இருந்தது.