பாலர் பராமரிப்பு மானியம்: நம் வியாபாரிகள் அறிய வேண்டியவை

சகோதரர்களே! சரக்குப் பிடிக்கும்போது ஐந்து காசுத் தள்ளுபடியையும் விடாத நாம், பிள்ளைகளுக்கென அரசாங்கம் ஒதுக்கியிருக்கும் உதவியைக் கேட்கக் கூசுகிறோம். இது ஸதகா அன்று. தகுதியுள்ளோர் யாவருக்கும் உரிய மானியம். சிங்கப்பூரில் இதன் முறையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1. யாருக்கு? பிள்ளை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும், நிரந்தரவாசியாயிருந்தால் போதாது. சேர்க்கும் நிலையமும் அரசாங்க உரிமம் பெற்றதாயிருக்க வேண்டும்.

2. எவ்வளவு? 18 மாதம் நிறைந்து முழுநாள் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்கு, தாய் வேலை செய்பவரானால் மாதம் 300 வெள்ளி. இல்லையேல் 150 வெள்ளி. இந்த அடிப்படை மானியத்துக்கு வருமான வரம்பில்லை. இதற்கு மேல், வேலை செய்யும் தாய்மாரின் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கூடுதல் மானியமும் உண்டு. அதன் வரம்பு 2020-இல் 7,500 வெள்ளியிலிருந்து 12,000 வெள்ளியாக உயர்ந்தது. வருமானம் 6,000 வெள்ளிக்கு மேற்படாத குடும்பங்களுக்கு, தாய் வேலை செய்யாவிடினும் முழு மானியம் என்று 2024 டிசம்பரில் விதி தளர்ந்தது.

3. பெரிய குடும்பம்: நம்மவர் பலர் தவறவிடுவது இதுவே. ஒரே வீட்டில் ஐவர் அல்லது அதற்கு மேல் வாழ்ந்து, அவர்களில் மூவரேனும் சம்பாதிக்காத உறவினராயிருந்தால், வருமானத்தைத் தலைக்கு இவ்வளவென்று வகுத்துக் காட்டலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து 14,000 வெள்ளி ஈட்டுகிறார்கள். நான்கு பிள்ளைகள், ஒரு பாட்டியார். மொத்தத்தைப் பார்த்தால் வரம்பு கடந்தாயிற்று. ஏழால் வகுத்தாலோ தலைக்கு 2,000 வெள்ளிதான்; தலைக்கு 3,000 வெள்ளி எனும் 2020-ஆம் ஆண்டு வரம்புக்குள் அடங்கிவிடும்.

4. கடையில் உழைக்கும் மனைவி: மாதம் 56 மணி நேரமாவது வேலை செய்தால்தான் 'வேலை செய்யும் தாய்' என்பர். நம் வீட்டுப் பெண்கள் பலர் கல்லாவிலும் சமையற்கட்டிலும் அதைவிட அதிகமாகவே உழைக்கிறார்கள். ஆனால் சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை, சேமநிதியும் கட்டுவதில்லை. சான்றில்லாத உழைப்பு கணக்கில் ஏறாது. மெய்யாக உழைப்பவருக்கு மெய்யான சம்பளம் எழுதுங்கள். உழைக்காதவர் பெயரை எழுதுவது பொய்க் கணக்கு. அதில் பரக்கத் இராது, பெற்ற பணத்தையும் திருப்பிக் கட்ட நேரிடும்.

5. மனு: பிள்ளையைச் சேர்க்கும்போதே நிலையத்தில் கேளுங்கள். மானியம் நம் கைக்கு வராது, கட்டணத்தில் கழிக்கப்படும். தாய் வேலையை விட்டால் உடனே தெரிவித்துவிட வேண்டும்.

கடைக் கணக்கை நேராக வைத்திருப்பவருக்கு இதில் தொல்லை ஏதுமில்லை. பிள்ளையின் பங்கைக் கேட்டுப் பெறுவதும் தகப்பனின் கடமையே என்பதை மறவாதிருப்போமாக!