மகாவலிக்கு அந்தப் பக்கத்து ஓணான்

நான் பிறந்தது காங்கேசன்துறையில். சுண்ணாம்புக்கல் தரையும் கடலுந்தான் தெரியும். மலையைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். தோட்டத்துக்கு வந்த பிறகுதான் மேலே குளிரும் கீழே வெக்கையும் ஒரே நாளில் உடம்பில் பட்டது. விஞ்ஞானிகளை மலைக்கு இழுப்பதும் இந்த வித்தியாசந்தான்.

மத்திய மலைநாட்டையும் நக்கிள்ஸ் மலைத்தொடரையும் மகாவலிப் பள்ளத்தாக்கு பிரிக்கிறது. பள்ளத்தாக்கு தாழ்வு, வெக்கை. குளிரில் பழகிய சிறு பிராணியால் அதில் இறங்கி மறுபக்கம் ஏற ஏலாது. நெடுங்காலம் இப்படிப் பிரிந்து கிடந்தால் அந்தந்த மலையில் தனித்தனி இனமாகிவிடும்.

இதற்குச் சாட்சி ஒரு குட்டி ஓணான். வாலால் கிளையைச் சுற்றிப் பிடிக்கும். முட்டையிடாது, குட்டி போடும் என்றால் நம்புவீர்களா? ஹோட்டன் சமவெளிப் பக்கத்து ஓணானும் இதுவும் ஒன்றுதான் என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2006இல்தான் நக்கிள்ஸ் ஓணான் வேறு இனமென்று பெயரிட்டார்கள். மூக்கில் இலைபோல நீட்டிக்கொண்டிருக்கும் இன்னோர் ஓணானும் அங்கே உண்டு. ஏலக்காய்ச் செடிகளுக்குள்ளும் காணலாம். இரண்டும் உலகில் வேறெங்கும் இல்லை. 2010இல் நக்கிள்ஸ், ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு மூன்றையும் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக்கியது.

ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஓணானைக் கண்டால் நம்ம பிள்ளைகள் கல்லெடுக்கிறார்கள். பெரியவர்களும் பார்த்துச் சிரிக்கிறோம். புல்லுக்கு வைக்கிற தீ காட்டுக்குள் ஏறினால் இவை ஓடிப் பிழைக்க இன்னொரு மலை கிடையாது. நக்கிள்ஸ் ஓரத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள், பிள்ளைகளிடம் முதலில் அதன் மூக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ட இடத்தையும் நாளையும் கொப்பியில் எழுதி விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டட்டும். ஆராய்ச்சிக்காரர்களும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.