பழைய டீசல் வண்டியின் ஐட்லிங் கோளாறு: காரணமறியும் முறை

வட்டகொடை, தலவாக்கலை, நானுஓயாப் பகுதிகளின் மரக்கறிச் செய்கையாளர் பலர் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு ஆகிய விளைபொருட்களைப் பழைய டீசல் கார்களிலும் வான்களிலும் சந்தைக்கு எடுத்துச் செல்கின்றனர். 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தமையால், பழைய வண்டிகளைப் பேணி வைத்திருப்பது அவசியமாயிற்று. இத்தகைய வண்டிகளில் அடிக்கடி காணப்படும் குறையொன்று உண்டு. அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பின்னரும் எஞ்சின் மெதுவோட்டத்துக்கு, அதாவது ஐட்லிங்குக்கு, இறங்காமல் இரையும்; சில வேளைகளில் வேகம் ஏறியும் இறங்கியும் நிலைகொள்ளாதிருக்கும்.

இதனால் வீணாவது டீசல் மட்டுமன்று. ஹற்றன், கினிகத்தேனை வழியாகக் கீழிறங்கும் வண்டியைத் தாழ்ந்த கியரில் எஞ்சினே தடுத்து நிறுத்த வேண்டும். ஐட்லிங் உயர்ந்திருப்பின் அத்தடை குறையும். பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழ, பிரேக் சூடேறித் தன் பிடியை இழக்கும். ஆகவே இக்குறையை அற்பமெனக் கருதலாகாது.

டீசல் எஞ்சினின் இயல்பு

டீசல் எஞ்சினின் வேகத்தை நிர்ணயிப்பது, உட்செலுத்தப்படும் எரிபொருளின் அளவேயாகும். இவ்வளவைப் பம்பும் அதனுள் அமைந்த கவர்னரும் கட்டுப்படுத்துகின்றன. எனவே வேகம் கூடுமாயின், எரிபொருள் மிகுதியாகச் செல்கிறது, அல்லது எரியக்கூடிய வேறொரு பொருள் உள்ளே நுழைகிறது என்பது பொருள்.

முதற் சோதனை

வண்டியைச் சமதரையில், திறந்த வெளியில் நிறுத்திக் கைப்பிரேக்கை இட்டு, கியரை நியூட்ரலில் வைத்துச் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்தல் வேண்டும். தொங்கும் ஆடைகளை விசிறிக்கும் பெல்டுக்கும் அண்மையில் கொண்டுசெல்லலாகாது. எஞ்சின் நன்கு சூடேறிய பின்னர், பம்பின் வெளிப்புற நெம்புகோல் ஐட்லிங் திருகாணியைத் தொட்டு நிற்கிறதா எனப் பார்க்க வேண்டும். இதற்கு முன்னர் எத்திருகாணியையும் திருப்புதல் தவறு. குறையை அறியாமல் திருகாணியைக் குறைத்தால், குறை மறைந்து நிற்கும். மறுநாட் காலையில் எஞ்சின் நின்றும் போகும்.

நெம்புகோல் திருகாணியைத் தொடாவிடின்

குறை பம்புக்கு வெளியே உள்ளது.

1. அக்சிலேட்டர் கேபிளைப் பம்பிலிருந்து கழற்றுக. நெம்புகோல் உடனே திரும்பினால், கேபிள் துருப்பிடித்தோ, இழை பிரிந்தோ, அளவுக்கு மீறி இறுகியோ இருத்தல் வேண்டும்.

2. கேபிளைக் கழற்றியும் திரும்பாவிடின், மீள்சுருளையும் நெம்புகோலின் அச்சையும் சுத்தம் செய்து எண்ணெயிடுக.

3. குளிர் நேரத்தில் வேகத்தை உயர்த்தும் சாதனத்தைப் பார்க்க. சில பம்புகளில் மெழுகு நிரம்பிய சிறு குப்பியொன்று நெம்புகோலைத் தள்ளி நிற்கும். ரேடியேட்டர் நீரின் சூடு எட்டியதும் விட்டுவிடும். வட்டகொடையின் குளிர்ந்த காலையில் முதற் சில நிமிடங்கள் வேகம் உயர்ந்திருப்பது இயல்பேயாம். சூடேறிய பின்னும் இறங்காவிடின், நீர் குறைந்ததா, குப்பிக்குச் செல்லும் குழாய் அடைபட்டதா, குப்பியே பழுதுற்றதா என ஆராய்க. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறிய பின்னரே திறத்தல் வேண்டும்.

நெம்புகோல் தொட்டு நின்றும் வேகம் நிலைகொள்ளாவிடின்

முதலில் டீசல் குழாயிற் காற்றுக் கலப்பை ஐயுறுக. தாங்கியிலிருந்து பம்பு டீசலை உறிஞ்சுவதால், தளர்ந்த பூட்டின் வழியே டீசல் கசியாமலே காற்று உட்புகும். ஆகையால் ஈரமில்லாத பூட்டும் குற்றமுடையதாயிருக்கலாம். மேட்டில் நிறுத்திய வண்டி காலையில் எளிதிற் புறப்படாமையும் இதன் அறிகுறி. பம்புக்குச் செல்லும் குழாயில், டீசலுக்கு ஏற்ற தெளிந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டொன்றைப் பொருத்தினால் குமிழிகள் தோன்றும். பழைய இறப்பர்க் குழாய்களையும் வடிகட்டியின் பூட்டுகளையும் மாற்றிக் காற்றை வெளியேற்றுக.

மெர்சிடிஸ் பென்ஸ் 190 டி போன்ற மிகப் பழைய கார்களில் கவர்னர், எஞ்சினின் உறிஞ்சுவிசையால் இயங்கும். அதற்குச் செல்லும் குழாயோ உள்ளிருக்கும் மென்றகடோ கிழிந்தால், எரிபொருள் கூடி வேகம் ஏறும். குழாயை விவசாயியே மாற்றலாம். பம்பைத் திறத்தலும், ஈயமுத்திரையிட்ட திருகாணியைத் தொடுதலும் பம்பு பழுதுபார்ப்போர்க்கு உரியவை.

எச்சரிக்கை

நீலப்புகையுடன் வேகம் தானே ஏறுமாயின், எஞ்சின் தன் எண்ணெயையே எரிக்கிறது. எண்ணெயை அளவுக்கு மீறி ஊற்றுவதாலும் இது நேரும். அப்போது சாவியைத் திருப்பியும் எஞ்சின் நில்லாதிருக்கலாம். கையால் மாற்றும் கியராயின், பிரேக்கை முழுதும் அழுத்தி, உயர்ந்த கியரை இட்டு, கிளச்சை விட்டு நிறுத்துக. அல்லது காற்று நுழையும் வாயைத் தடித்த பலகையால் மூடுக. கையையோ துணியையோ பயன்படுத்தலாகாது. இயலாவிடின் எல்லோரும் விலகி நிற்க.

நெற்செய்கையாளரின் லேண்ட்மாஸ்டரிலும் இம்முறையே பயன்படும். வயற்சேறு உறைந்து கேபிள் இறுகுவதே அங்கு முதலில் நோக்கத்தக்கது. எந்த வண்டியாயினும் வெளியிலிருந்து உள்ளாகச் சோதித்து, காரணத்தைக் கண்டு நீக்கிய பின்னரே, தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கு ஐட்லிங் திருகாணியைச் சரிசெய்க. இவ்வாறு செய்யின், பாரமேற்றிய வண்டி பாதுகாப்பாய் மலையிறங்கும்.