16 வயதிலேயே தொடங்குங்கள்

போர்ட் கிள்ளான் பெற்றோரே, இடைநிலைப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் 19 வயது வரைதான் இடம். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டால், வளர்ந்த பிள்ளை வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடும் அபாயம் உண்டு. தனியாக பஸ் ஏற வருமா, காசை எண்ணிக் கொடுக்க வருமா, எந்த வேலையில் மனம் ஒட்டுகிறது என்று 16 வயதிலேயே ஆசிரியருடன் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சில் பிள்ளையும் இருக்க வேண்டும். அவரைக் கேட்காமல் போடும் திட்டம் நிலைக்காது.

ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டை இல்லையா? மருத்துவர் உறுதிப்படுத்திய பாரத்தோடு கிள்ளான் சமூக நல இலாகாவில் விண்ணப்பியுங்கள். வேலைக்குப் போவோருக்கு ஒரு மாதாந்திர உதவித்தொகை, போக இயலாதோருக்கு வேறொன்று. எது பொருந்தும் என்று அங்கேயே விசாரியுங்கள். பக்கத்தில் உள்ள பிடிகே (சமூக மறுவாழ்வு) மையத்தைப் பற்றியும், வேலையிடத்தில் கூடவே நின்று பழக்கும் ஜாப் கோச் உதவி பற்றியும் கேளுங்கள்.

பார்வைக் குறைபாடு என்றால், 1951-இல் தொடங்கப்பட்டு, பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தை நாடலாம். போர்ட் கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமுட்டரில் கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் போதும்.

குழந்தை மருத்துவரிடம் முழு மருத்துவச் சுருக்கத்தை எழுதி வாங்குங்கள். பெரியவர்களுக்கான கிளினிக்கில் முதலில் கேட்பது அதைத்தான்.

18 வயதானால் சட்டப்படி அவர் பெரியவர். வங்கிக் கணக்கை அவர் பெயரிலேயே திறந்து கொடுங்கள்.