கிணற்று உப்பைக் காட்டும் படம்

மீஞ்சூர் வட்டாரத்தில் கிணற்று நீர் உப்பாவது புதிதல்ல. சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் அளவுக்கு மீறி நீர் இறைக்கப்பட்டதால், நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்தது 1969-ஆம் ஆண்டளவிலேயே கண்டறியப்பட்டது. எந்தக் கிணறு இன்னும் நல்ல நீர் தருகிறது என்று தெரிந்தால்தான் அதற்கேற்பப் பயிர் செய்ய முடியும்.

இதற்குக் கியூஃபீல்டு என்னும் இலவச மென்பொருள் உதவும். கிணற்றருகே நின்று இடத்தையும் சர்வே எண்ணையும் உப்பளவையும் செல்போனில் பதியலாம். சிக்னல் தேவையில்லை. இதே மென்பொருள் விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் இயங்கும். ஆகவே, வயலில் நிரப்பிய அதே படிவத்தை உழவர் குழு அலுவலகத்தில் எழுத்தர் பெரிய திரையில் பார்த்துப் பிழை திருத்தலாம். அவர் வேறு மென்பொருள் கற்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை:

1. மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்ட பின், சுத்தமான பாட்டிலில் நீர் எடுக்க வேண்டும்.

2. ஆய்வுக்கூடம் தரும் மின் கடத்தும் திறனைத் தேதியுடன் பதிய வேண்டும். நெல்லுக்குப் பாய்ச்சும் நீரில் இது மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும்.

3. எழுத்தர் சர்வே எண்ணைத் திருத்தும்போது, கிணற்றுக்காரர் பட்டாவுடன் உடனிருப்பது நல்லது. எண் மாறினால் ஒருவர் கிணற்று உப்பு மற்றவர் கணக்கில் ஏறிவிடும்.

4. செல்போன் காட்டும் இடம் சில மீட்டர் விலகலாம். கிணற்றைக் குறிக்க அது போதும். வரப்புத் தகராறுக்கு ஆகாது.

ஒவ்வொரு கோடையிலும் இவ்வாறு பதிந்து வந்தால், உப்பு எந்தப் பக்கமிருந்து நெருங்குகிறது என்பது படத்தில் தெரியும். நாற்று விடுமுன்பே பயிரை முடிவு செய்யலாம்.